அலை உடையாத இடம்

பகல் பன்னிரண்டு. கம்பத்தில் மஞ்சள் கொடி.
உருகுவேயின் ஜனவரி
மணலைக் கடலை வறுக்கும் பதத்துக்குக் காய்ச்சிவிட்டது.
செருப்பைக் கழற்றியவர்கள்
தண்ணீருக்கு நடந்து போவதில்லை, துள்ளிப் போகிறார்கள்.

ஏணி நாற்காலியில் நான்.
கழுத்தில் விசில், மடியில் மிதவை, மூக்கில் வெள்ளைப் பசை.
கடலைப் பார்ப்பதற்குத்தான் சம்பளம்.

எல்லாரும் பயப்படுவது நுரைக்கு.
இரண்டு நுரைகளுக்கு நடுவே
கொஞ்சம் பழுப்பாய், கூடத்துத் தரைபோல்
சத்தமில்லாமல் கிடக்கிறதே ஒரு பட்டை,
அங்கேதான் குழந்தையை இறக்குவார்கள்.
கரைக்கு வந்த தண்ணீரெல்லாம்
திரும்பிப் போகும் வழி அது.

தக்குவாரெம்போவில் கசாப்புக்கடை வைத்திருக்கும் ருஃபினோ
(பெயர் பிறகுதான் தெரிந்தது)
கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு
நேரே அந்தப் பட்டைக்குள் நடந்தார்.
விசில் ஊதினேன்.
திரும்பிக் கையசைத்தார்,
எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தாற்போல.
மறுபடி ஊதினேன். மறுபடி வணக்கம்.

மூன்றாம் முறை உயர்ந்ததும்
அதே கைதான்.
யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது
கரையை வெறித்தபடி
கரையை நோக்கியே அடித்துக்கொண்டிருந்தார்.
கரை தள்ளித் தள்ளிப் போனது.
"மல்லுக்கு நிற்காதீங்க. மல்லாந்து படுங்க.
அது போற வரைக்கும் போகட்டும்.
இப்ப குறுக்கே. குறுக்கே மட்டும்."
ஐம்பது கைவீச்சு இருக்கும்.
பிறகு ஏதோ ஓர் அலை
வேண்டாத சாமான்போல எங்களைக் கரையில் போட்டது.

கூட்டம் கைதட்டியது.
அவர் உப்பைத் துப்பிவிட்டு, "எதெல்மிரா?" என்றார்.

எதெல்மிரா,
ஊரே கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்,
என் நாற்காலிக்குப் பின்னால்
அவர் சட்டையையும் செருப்பையும் மார்போடு அணைத்தபடி
சரிந்து கிடந்தாள்.
பத்து மணியிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறாள்.
அவளிடம் இருந்த ஒரே தொப்பி
அவர் தலையில் போய்
இப்போது பிரேசில் பக்கம் மிதக்கிறது.
தொட்டால் அடுப்பு. வியர்வை இல்லை.

யாரோ குடை கொண்டுவந்தார்கள்.
குச்சி ஐஸ் விற்கும் பையன்
பெட்டியையே கவிழ்த்தான்:
கழுத்தில் எலுமிச்சை, அக்குளில் ஸ்ட்ராபெர்ரி.
துண்டை நனைத்து விசிறிக்கொண்டே இருந்தோம்.
கண் திறந்து,
"செருப்பு நனைஞ்சிடுச்சா?" என்றாள்.

ஆம்புலன்ஸ் போனது.
மஞ்சளை இறக்கிச் சிவப்பை ஏற்றினேன்.
நாற்காலியைக் கொஞ்சம் கோணலாகத் திருப்பிப் போட்டிருக்கிறேன்,
ஒரு கண்ணுக்குக் கடல், ஒரு கண்ணுக்கு மணல்.
மேலதிகாரி கேட்பார். கேட்கட்டும்.

பழுப்புப் பட்டையில்
ஒரு சின்ன வாளி போய்க்கொண்டிருக்கிறது.
பக்கத்தில் யாருமில்லை.
எழுந்து நின்று
தலைகளை எண்ணுகிறேன்.