எட்டு சென்டிமீட்டர்

டேனியின் கால்பந்து
என் தையல் மிஷின் மேல் கிடக்கிறது.
பிரிந்த ஒரு கட்டத்தைத் தைக்கக் கொடுத்துவிட்டு
பி.வி. காலனி கிரவுண்டில் நிற்கிறார்கள் பையன்கள்.
நிற்கட்டும்.

இன்ச் டேப்பைப் பந்தின் இடுப்பில் சுற்றினேன்.
அறுபத்தொன்பது.
பூமிக்குச் சுற்றளவு நாற்பதாயிரம் என்று
எட்டாம் வகுப்பில் முட்டிபோட்டுப் படித்தது
இன்றைக்குத்தான் கைக்கு வருகிறது.
ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்நூற்று எண்பது கிலோமீட்டர்.

காற்றடிக்கும் துளை வட துருவம்.
நீலச் சாக்கால் ஒரு புள்ளி, மஸ்கட்:
லோகு அங்கே ஏசி டக்ட் மாட்டுகிறான்.
இன்னொரு புள்ளி, டொரண்டோ:
தணிகைக்குக் குடோனில் நைட் ஷிப்ட்.

டைரியில் இருக்கும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்தால்
கோடு எகிப்து மணலில் நடந்து
அல்ஜீரியா வழியாகக் கடலில் இறங்குகிறது.
பந்தின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால்
அது பேச்சுக் கேட்காமல் வடக்கே நழுவுகிறது.
ஐஸ்லாந்தின் கால்மாட்டை உரசிக்கொண்டு போகிறது.
படத்தை விட எனக்கு நூலைத் தெரியும்.

பத்தொன்பதரை.
பதினோராயிரத்து முந்நூற்றுப் பத்து.

கிஷோர் எட்டிப் பார்த்து போனில் தட்டினான்.
"எம்பது கிலோமீட்டர் குறையுதுக்கா."
தையல் தும்பில் போயிருக்கும் என்றேன்.

அவன் போனதும் மூன்றாவது புள்ளி வைத்தேன்.
ஜீவா ஸ்டேஷனுக்குப் பின்னால், இரண்டாவது மாடி.

லோகு ஆட்டோவை விற்றுக் கொடுத்த ஏஜென்ட் பணத்தில்
தணிகை ஏறிய விமானம் அது.
திருப்பிக் கொடுத்தானா, கொடுத்தது போதாதா,
நாலு வருஷமாக இரண்டு கணக்கு.
வெள்ளிக்கிழமை லோகு கேட்பான், "இருக்கானா அவன்?"
ஞாயிற்றுக்கிழமை தணிகை கேட்பான், "அவனுக்கு முதுகுவலி எப்டி?"
நான் சொல்வேன். இரண்டு பக்கமும்.
கணேசபுரம் சப்வேயில் தண்ணி நின்றால்
பேசின் பிரிட்ஜ் சுற்றிப் போகும் பஸ் மாதிரி
எல்லா வார்த்தையும் என் வழியாக.

மஸ்கட்டிலிருந்து இங்கே நாலரை.
இங்கிருந்து டொரண்டோ இருபத்து மூன்று.
நேர்வழியை விட எட்டு சென்டிமீட்டர் கூடுதல்.
நாலாயிரத்து அறுநூறு கிலோமீட்டர்
நான் இருப்பதால் நீளமானது.

கட்டத்தைத் தைத்துப் பந்தைக் கீழே எறிந்தேன்.
மஸ்கட்டை யாரோ தலையால் முட்டினான்.
அரைமணியில் மூன்று ஊரும் புழுதி.

இரவு போன் அடித்தது. லோகு.
"இருக்கானா அவன்?"

"பத்தொம்பதரை," என்றேன்.

"இன்னாது?"

"நேரா போனா அவ்ளோதான்டா. நூல் வெச்சுப் பாத்தேன்."

அந்தப் பக்கம் ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம்.
அரக்கோணம் லோக்கல் இந்தப் பக்கம்.
"நீ சாப்டியா?" என்றான் கடைசியில்.

கழுத்தில் இன்ச் டேப் தொங்கிக்கொண்டே இருந்தது.