பதினான்காம் பயிற்சித்தாள்

கிரிம்ஸ்பியில் செவ்வாய்தோறும் மாலை ஆறரைக்கு
மூடிப்போன வங்கியின் மேல்மாடியில்
வினைச்சொற்களை விநியோகிக்கிறேன்.
கட்டணம் கிடையாது. தேநீர் உண்டு.
ஹீட்டர் எரிவது நகரசபையின் மனநிலையைப் பொறுத்தது.

வருகிறவர்கள் ஏழு பேர்.
ஏழு பேர் மேலும் ஹாடக் மீன் வாசம்.
எலுமிச்சை தேய்த்தாலும் போகாது என்பாள் ரசுதே,
லிதுவேனியாக்காரி, பதினோரு வருட ஐஸ் விரல்களில்.
"ஐ ஒர்க்கிங் ஃபிஷ்" என்பாள்.
நடுவில் ஓர் ஆம் வேண்டும் என்பேன்.
அது இல்லாமலே சம்பளம் வந்துவிடுகிறதே என்பாள்.
நியாயம்தான்.
மீன் வெட்டும் மேசையில் மேற்பார்வையாளருக்குத் தெரிந்தது
ஏவல் வினை மட்டும்:
தூக்கு, கழுவு, நகர்.
ஏவலுக்குக் காலம் கிடையாது,
கழிவறைக்குப் போகவும்தான்.

அன்றைக்கு ஒழுங்கற்ற வினைகள்.
கட், கட், கட்.
மூன்று காலத்துக்கும் ஒரே கத்தி,
ரசுதேக்கு உடனே பிடித்துப்போயிற்று.
கோ, வென்ட், கான் என்றதும்
ஹோசன் கையைத் தூக்கினான்: ஏன் வென்ட்?
கோ தன் பழைய உருவத்தை எங்கோ தொலைத்துவிட்டு
வேறொரு வினையிடம் இரவல் வாங்கி
அணிந்துகொண்டது என்றேன்.
அவன் குனிந்து தன் கோட்டைப் பார்த்தான்.
தேவாலயத்தில் கொடுத்தது.
காலருக்குள் டெரெக் என்று யார் பெயரோ தைத்திருக்கும்.

பிறகு பதினான்காம் தாள்.
சரியான வினை வடிவத்தால் நிரப்புக.
ஒன்பதும் சரி.
ஒருமைப் படர்க்கைக்கு ஓர் எஸ்ஸைக்கூட அவன் விடவில்லை.
(அந்த எஸ்தான் ரசுதேயின் தொண்டையில்
மீன் முள்ளாகச் சிக்குவது.)
பத்தாவது: உங்கள் குடும்பத்தில் ஒருவருடைய தொழில்.
மை பிரதர் என்று எழுதியிருந்தான்.
அப்புறம் வெள்ளை.

தம்பிக்குச் சுலைமானியாவில் முடிதிருத்தும் கடை,
இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி.
டன்கிர்க் பக்கம் ஒரு ரப்பர் படகில்
ஏறினான் என்பதுவரை தகவல்.
அது நவம்பர்.
அதற்குப் பின் இரண்டு நவம்பர் வந்துபோயின.

"மிஸ், பென்சிலில் எழுதலாமா?"

ரசுதே எட்டிப் பார்த்தாள்.
ஹாஸ் பீன் போடு, அது இரண்டு கரையையும் தொடும் என்றாள்.
நான் சொல்லிக்கொடுத்ததுதான்.
சொல்லாமல் விட்டது:
அந்தக் கயிற்றின் இந்த முனையை
ஆள் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.
இறந்தகாலம் என்ற சொல்லை
அன்று அந்த அறையில் நான் மறுபடி எடுக்கவில்லை.

புத்தகத்தின் கடைசியில் விடைகள் இருக்கின்றன.
ஆசிரியர்களுக்கு மட்டும்.
புரட்டினேன், ஒரு கோழையைப்போல.
பத்து: விடைகள் மாறுபடும்.

எட்டு மணிக்கு நாற்காலிகளை அடுக்கும்போது
தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.
பேனாவில்தான் எழுதியிருந்தான்.
மை பிரதர் கட் ஹேர்.

எஸ் இல்லை.

முடிந்துபோனதைச் சொல்கிறான் என்றால் முழு மதிப்பெண்.
இன்றும் எங்கோ வெட்டிக்கொண்டிருக்கிறான் என்றால் பிழை.
பேருந்தில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.
திரும்பி நடந்தேன், மழையில்,
சிவப்புப் பேனா வேலைசெய்கிறதா என்று
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துக்கொண்டே.

அடுத்த செவ்வாய் தாளைக் கொடுத்தேன்.
பத்துக்கு ஒன்பது.
கடைசி வரியில் ஒரு சின்னச் சுழி.
வெகுநேரம் பார்த்தான். மடித்தான்.
டெரெக்கின் உள்பையில் வைத்தான்.
"தேங்க் யூ, மிஸ்."

ரசுதேதான் சண்டைக்கு வந்தாள்:
கட், கட், கட், நீங்கள் சொன்னதுதானே,
இதில் என்ன தப்பு?

எஸ் விட்டுப்போயிற்று என்றேன்.