நாலாவது கதவு

வீட்டுக்கு இரண்டு வாசல்.
கராஜுக்கு நான்கு.
ஹால்வர் கணக்கு அப்படி.

வடக்கு டகோட்டாவில் மண் ஐந்தடிக்கு உறையும்;
அதற்கும் கீழே போகட்டும் அஸ்திவாரம் என்று
செப்டம்பர் முழுக்கத் தோண்டினான்.
கான்கிரீட் லாரி விடியுமுன் வந்தது.
இரவுக் குளிரில் தரை வெடித்துவிடக் கூடாதென்று
கல்யாணத்துக்கு வந்த கம்பளிகளையும்
எடுத்துப் போய்ப் போர்த்தினான் அதற்கு.
நான் கோட்டோடு படுத்தேன்.

டிரக்குக்கு ஒன்று, படகுக்கு ஒன்று,
பனி தள்ளும் வண்டிக்கு ஒன்று.
நாலாவது?
"இருக்கட்டும், மார்லிஸ்."
வாயில் ஆணியைக் கடித்தபடி சொன்னதால்
வேறு ஏதாவது சொன்னானோ என்னவோ.

நகராட்சிக்காரர் வந்து டேப் பிடித்தார்.
வீட்டிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது: சரி.
வீட்டைவிடப் பெரிது: அதற்குச் சட்டம் இல்லையாம்.

ஜனவரி. மைனஸ் முப்பது.
மடக்கு நாற்காலி, தெர்மாஸ், பாதி பின்னிய கையுறை
நாலாவதில் கொண்டுபோய் வைத்தேன்.
தகரச் சுவரைக் காற்று உரசும் ஓசை
வீட்டுக்குள் இவ்வளவு நன்றாகக் கேட்காது.

ஒருநாள் ரிமோட்டில் பொத்தானை மாற்றி அழுத்திவிட்டான்.
கதவு மெல்ல மேலேற,
முதலில் என் பூட்ஸ், பிறகு முழங்கால், பிறகு நான்.
ஹெட்லைட்டைத் தணித்தான்.
எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் அங்கே ஒரு ஹீட்டர் இருந்தது,
விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல்.