நூறு வரை

எண்ணும் பெட்டியில் ஐந்து விசைகள்.
நடுநிலைநாடிக்கு ஆட்காட்டி விரல்,
நிணநீர்க்குழியத்துக்கு நடுவிரல்,
மற்றவைக்கு மற்றவை.
நூறானதும் மணி அடிக்கும்.
திருகோணமலை ஆஸ்பத்திரி, இரவு ஆய்வுகூடம்.
பதினொரு வருடமாக
இந்த மணிக்குத்தான் நான் தலை நிமிர்வது.

மூதூர் லாஞ்சின் எஞ்சின்காரர் முகைதீன்பாவா,
பதினான்காம் கட்டில், காய்ச்சலின் ஒன்பதாம் நாள்.
பாசி சுற்றிய காத்தாடி மாதிரி மூச்சு.
வைரஸ் அநேகமாய் ஓய்ந்துவிட்டதாம்.
அதைத் தேடி வந்தவர்கள்தான் இன்னும்
வீட்டுக்காரனின் கதவுகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

டொக்டர் சஞ்ஜீவி டெக்ஸா எழுதினா.
ஆறு மில்லிகிராம்.
மறுநாள் கண்ணாடித் துண்டில் ஊரே மாறியிருந்தது.

இதற்கு எனக்கு வேறு சொல் தெரியாது: ஊரடங்கு.
நாங்கள் வளர்ந்ததே அந்தச் சொல்லுக்குள்.
ஒலிபெருக்கி கட்டிய ஜீப் டொக்யாட் வீதியால் போகும்,
அரை மணித்தியாலத்தில் சந்தி வெறிக்கும்.
நிணநீர்க்குழியங்களும் அப்படித்தான் போயின,
சில என்பு மச்சைக்குள்,
சில தம்மைத் தாமே மடித்துக்கொண்டு
திரும்பி வராத இடத்துக்கு.
இயோசின்நாடி ஒன்றுகூட இல்லை.
நடுநிலைநாடி மட்டும் எண்பத்தெட்டு.

புதிதாய்ப் பார்ப்பவர் படை வந்ததென்று பயப்படுவர்.
படை வரவில்லை.
நாளச் சுவரில் முதுகு சாய்த்து நின்றவர்களுக்குப்
பிடி வழுக்கி
நடுவீதியில் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.
சுவரைத் தாண்டி நுரையீரலுக்குள் இறங்குவது
அநேகருக்கு மறந்துபோயிற்று.

நாலாம் நாள் பாவா ரொட்டியும் சம்பலும் கேட்டார்.
சீனி முந்நூறைத் தாண்டியது. நித்திரை இல்லை.
விடியவிடிய மிஸ்ஸிமாருக்கு
டீசல் எஞ்சின் கழற்றிப் பூட்டும் முறை சொன்னார்.
பிறகொரு நாள், வாசலில் படுத்திருந்த மானை விலத்தி
நடந்தே வீட்டுக்குப் போனார்.

அந்தக் கிழமைதான் குகேந்திரனுக்கு இருமல்.
இரண்டாம் நாள். ஒட்சிசன் தொண்ணூற்றெட்டு.
தேவையில்லை என்று தெரியும்,
தெரியாமல் நான் எதையும் செய்யவில்லை.
மத்திய வீதிப் பாமசியில்
"ஆஸ்பத்திரி அக்காதானே" என்றான், துண்டு கேட்கவில்லை.
அரை மில்லிகிராம் குளிசை, நாளுக்குப் பன்னிரண்டு.
பின்னேரமே காய்ச்சல் விட்டது.
குழம்புக்கு உப்புக் காணாது என்று சண்டை பிடித்தார்.
எனக்குள் ஒரு பெருமை,
அதை இப்போது எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வைரஸ் அப்போதுதான் துறையில் இறங்கிப்
பெட்டிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தது.
நான் ஊரை அடக்கிவிட்டேன்.

எட்டாம் நாள் அவர் பதினான்காம் கட்டிலில்.
விரிப்பு மட்டும் புதிது.
இரத்தம் என் மேசைக்கே வந்தது,
பெயரை வாசிக்காமல் சாயம் ஊற்றினேன்.
நிணநீர்க்குழியம்: நூறுக்கு நாலு.

வைரஸும் இவற்றைத் துரத்தும்,
மருந்தும் அனுப்பிவைக்கும்.
இரண்டுக்கும் பிறகு மிஞ்சுவது ஒரே வெறும் வீதி.
நுணுக்குக்காட்டியை எவ்வளவு திருகினாலும்
ஆர் அனுப்பியது என்று அதில் தெரியாது.

"வீட்டில ஏதும் குடுத்தீங்களா?"
சொன்னேன். எத்தனை நாள், எத்தனை குளிசை என்றும்.
டொக்டர் சஞ்ஜீவி என்னைப் பார்க்கவில்லை,
விரலில் மாட்டியிருந்த மீற்றரைப் பார்த்தா. எண்பத்தாறு.
பேனையை எடுத்து எழுதினா
அதே மருந்து. அதே ஆறு மில்லிகிராம்.
"இப்பதான் இதுக்கு நேரம்."

விடிய நாலு மணி.
உட்துறைமுகத்தில் ஒரு கப்பல் ஒருதரம் ஊதி ஓய்கிறது.
புதுக் கண்ணாடித் துண்டு, புது எண்ணெய்த் துளி.
எண்ணிக்கை தொண்ணூற்றாறில் நிற்கிறது.
நடுவிரலை விசைமேல் வைத்தபடி
கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்துகிறேன்.