ஒரு சாண்

துங்காபியில் ரயில் ஏறும்போதே எண்ணத் தொடங்கிவிடுவேன்.
பரமட்டாவில் உண்டு.
கிரான்வில்லில் உண்டு, பூட்டியிருக்காவிட்டால்.
ஸ்ட்ராத்ஃபீல்டில் நீண்ட சுரங்கப் பாதை,
சில நாட்களில் அவ்வளவு தூரம் தாங்காது.
அதற்குப் பிறகு ரெட்ஃபெர்ன் வரைக்கும்
விட்ட வழி.
மற்றவர்கள் ஜன்னலால் சிட்னி பார்க்கிறார்கள்.

பதின்மூன்று வயதில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்,
மரபுத்தொடர் பரீட்சை.
வயிற்றில் புளியைக் கரைப்பது. வயிற்றில் பால் வார்ப்பது.
வயிற்றெரிச்சல்.
எல்லாம் சரி.
'எண்சாண் உடம்புக்கு ..... பிரதானம்'
என்ற இடத்தில் வயிறு என்று எழுதினேன்.
பிழை. சிரசாம்.
இருபதுக்குப் பதினெட்டு.

அந்த வருஷம்தான் இரத்தம் போகத் தொடங்கியது.
ஏழு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை.
கழுவி ஒளித்த உடுப்பைக் கண்ட அம்மா
அது வேறு இரத்தம் என்று நினைத்து
நல்லெண்ணெய் மிதக்க உளுந்தங்களி கிண்டித் தந்தா.
சந்தோஷமாகத் தந்தா.
நான் சாப்பிட்டேன்.
அந்த இரவை எழுதமாட்டேன்.

குரோன்ஸ், என்றார் டாக்டர்.
காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அம்மா சொன்னா:
ஒருத்தருக்கும் மூச்சு விடாதே,
நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசவேணும்.
எனக்குப் பதினாலு. மடியில் பள்ளிக்கூடப் பை.
அன்றிலிருந்து எனக்குத் தலையிடி.
கலியாண வீட்டில் பாதியில் எழும்பினால் தலையிடி,
பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகாவிட்டால் தலையிடி,
ஒரு தவணை முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்ததும்
கொஞ்சம் கடுமையான தலையிடி.

ஸ்டீராய்ட் தந்த வருஷம் முகம் பூசணிக்காய்.
செவன் ஹில்ஸ் மண்டபத்தில் கனகேஸ்வரி அன்ரி
கன்னத்தைக் கிள்ளினா:
நல்லாச் சதை போட்டிட்டாய், இனிக் கவனம்.
அடுத்த வருஷம், அதே மண்டபம், அதே மேசை:
என்ன வடிவா மெலிஞ்சிட்டாய்,
அந்த டயட்டை என்ர மகளுக்கும் சொல்லு பிள்ளை.
சொல்லியிருக்கலாம்.
கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

யூனியில் ஜேசன் லாம்
நூடில்ஸ் சாப்பிட வாறியா என்று மூன்று தரம் கேட்டான்.
முதல் தரம் சித்தப்பா செத்துப்போனார்.
இரண்டாம் தரம் மாமா.
மூன்றாம் தரம் ஆள் கிடைக்காமல்
பெர்த்தில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருக்கும் பெரியப்பாவைக் கொன்றேன்.
உன் குடும்பத்துக்கு என்ன நடக்குது, என்று
உண்மையாகவே கவலைப்பட்டான், பாவம்.
பிறகு கேட்கவில்லை.

போன செவ்வாய், வெஸ்ட்மீட்.
குடலைத் தாளில் வரைந்து
இங்கே சுருங்கிவிட்டது, இவ்வளவும் எடுக்கவேண்டும்,
ஏறக்குறைய இருபத்திரண்டு சென்டிமீட்டர் என்றார்.
வீட்டுக்கு வந்து அடிமட்டத்தின்மேல் கையை விரித்தேன்.
பெருவிரலிலிருந்து சின்னிவிரல் நுனிவரை
பத்தொன்பதுதான்.
ஒரு சாணும், இன்னும் ஒன்றரை விரலும்.
எண்சாணில் ஒன்று போகிறது.
அந்த இரண்டு மதிப்பெண்ணை
யாரிடம் போய்க் கேட்பது?

அம்மா குசினியில் நின்று அழுதா.
பெத்த வயிறு பத்தியெரியுதடி, என்றா.
பெறாத வயிறும் எரியுதம்மா, என்றேன்.
அகப்பை அந்தரத்தில் நின்றது.
பிறகு சிரித்தா. எனக்குச் சிரிப்பு வர நேரம் எடுத்தது.
ஆனாலும் வெள்ளிக்கிழமை தொலைபேசியில்
ஆருக்கோ சொல்லிக்கொண்டிருந்தா:
அவளுக்குச் சின்ன ஒப்பரேஷன், தலையிடிக்கு.

இன்று காலை மர்வாவும் நானும் ஒரே பெட்டியில்.
கிரான்வில் தாண்டியதும் வியர்த்தது.
எனக்கு இறங்கவேணும், என்றேன்.
ஏன் என்று அவள் கேட்பாள், பெரியப்பா தயாராக இருந்தார்.
அவள் கேட்கவில்லை. பையைத் தூக்கினாள்.
ஸ்ட்ராத்ஃபீல்டில் எனக்கு முன்னால் ஓடி
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் திரும்பி வர இருபது நிமிஷம்.
இரண்டு ரயில் போயிருந்தது.
பிளாட்பாரத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து
சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள்.
எனக்குக் குடல் வருத்தம், என்றேன்.
நகர்ந்து இடம் விட்டாள்.
உனக்கு இது சாப்பிடலாமா, என்று
பைக்கற்றைத் திருப்பி
பின்பக்கத்து எழுத்துகளை வாசிக்கத் தொடங்கினாள்,
ஒவ்வொரு சொல்லாக, சத்தமாக.