நூற்று அறுபத்தாறு

நார்வா மருத்துவமனை, மூன்றாம் மாடி.
ஹில்யாவின் கையில் ரத்த அழுத்தப் பட்டை
உப்பி, இறுக்கி, பெருமூச்சு விட்டது:
நூற்று அறுபத்தெட்டு.

பனியில் வழுக்கிய அந்த லாரி
இன்னும் அவள் தோளுக்குள்தான் வந்துகொண்டிருக்கிறது.
யாராவது கதவைச் சாத்தினால் போதும்,
வயிறு பிரேக் போடும்.

டார்மோ செல்லோவை முழங்காலிடையே சாய்த்து
ஒரே ஒரு கீழ்ச்சுரத்தை
இழுத்தான், இழுத்தான்.
கட்டில் சட்டம் அதிர்ந்தது.
அவள் பல்லைக் கடித்தாள்.
நூற்று அறுபத்தாறு.

படீர்!

தந்தி அறுந்து அவன் தாடியில் சிக்கியது.
அவன் சொன்ன கெட்டவார்த்தை
மருந்து அலமாரிவரை போய்த் திரும்பியது.

ஹில்யா திடுக்கிடவில்லை.
திடுக்கிட மறந்ததைக்
கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தாள்.
காதோரம் ஏறிக் கிடந்த தோள்
ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

"மூணு தந்தி மிச்சமிருக்கே,
வாசி."