சில்லறை

இரண்டாம் சனி, நான்காம் சனி வங்கி லீவு.
ஐந்து ரோட்டில் ஏறினால்
இருபது கொண்டை ஊசி வளைவு.
ஏழாவதில் காது அடைக்கும்.
பதினொன்றாவதில் குளிரத் தொடங்கும்
இடது காரை எலும்பின் மேல்
ஆறு திருகாணி போட்டு முடுக்கிய தகடு.
"நம்ம ஊர் ஸ்டீல் இல்லம்மா, டைட்டானியம்,"
என்று ஸ்கேனைத் தூக்கிக் காட்டிப் பெருமைப்பட்டார்
சேலத்து டாக்டர்.

யாரோ விரித்த ஒரு குடைக்குத்தான்
அன்று ராக்கெட் மிரண்டான்.
ஆப்பிளோடு பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு தடவை சொன்னார்கள்:
குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல்
குழியும் பறித்ததாம்.

இல்லை.
தள்ளியது மட்டும்தான் குதிரை.
குழி நான் பறித்தது,
இரண்டு வருஷம்,
படுத்தபின் விளக்கணைத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக.

ராக்கெட்டை விற்றுவிட்டார்கள்.
கோயம்புத்தூரில் மாப்பிள்ளை சுமக்கிறானாம்.
சரவெடிக்கும் அசைவதில்லையாம்.
கேட்டபோது, வெட்கமில்லாமல்,
பொறாமையாக இருந்தது.

இவள் புதிது.
ரேசில் ஓடி, ஓடி, எப்போதும் கடைசியில் வந்து
ஏற்காட்டுக்கு லாரியில் ஏறியவள்.
காகிதத்தில் ஏதோ மகாராணியின் நீளமான பெயர்.
செம்பழுப்பு இடுப்பில் வெள்ளைப் புள்ளிகள்
உண்டியல் உடைந்ததுபோல் சிதறிக் கிடப்பதால்
லாயத்துத் தவசீலன் வைத்தது
சில்லறை.

முதல் நாள் என்னைப் பார்த்தாள்,
கவுண்டரில் நான் ஐந்நூறு ரூபாய்த் தாளைப் பார்ப்பதுபோல.
வெளிச்சத்துக்கு நேரே பிடித்து
ஒரு கண்ணால்,
பிறகு மறு கண்ணால்.
செல்லாது என்று தீர்மானித்து
வைக்கோல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று சனிக்கிழமை நான் ஏறவே இல்லை.
தேய்த்துவிட்டேன்.
குளம்பில் அப்பிய செம்மண்ணைக் கொக்கியால் சுரண்டினேன்.
"சம்பளமில்லாம ஒரு ஆள் கெடச்சிருக்கு"
என்றான் தவசீலன், என் காதுபடவே.
ஒருநாள் தும்மினாள்,
என் கண்ணாடி, ஜாக்கெட், கழுத்து எல்லாம் நனைய.
அவளிடம் நான் முதலில் சிரித்தது அப்போதுதான்.

நான்காம் முறை
ஏறுகல்லில் நின்று, இடது கால் அங்கவடியில்,
வலது காலைத் தூக்க மனமில்லாமல்
மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக்குகளை எண்ணினேன்.
பதினேழு.
மறுபடி எண்ணினேன். பதினாறு.
ஏறிவிட்டேன்.

உயரத்தை நான் மறந்திருந்தேன்.
உயரம் என்னை மறக்கவில்லை.

நாகலூர் ரோட்டிலிருந்து பிரியும் எஸ்டேட் பாதை.
பனி இன்னும் முழுசாய் எழும்பவில்லை.
வளைவு திரும்பியதும் களம்,
காப்பிப் பழம் காயப்போட்ட நீலத் தார்ப்பாய்.
காற்றில் அதன் ஒரு மூலை
எழுந்து நின்றது.

எனக்குத் தெரியும் இந்தக் குடையை.

அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.
நின்றாள். முழுக் கழுத்தும் மரமானது.
அவள் நெஞ்சு என் கணுக்காலில் அடித்தது;
என்னுடையது எங்கே அடித்ததென்று தெரியவில்லை.
முழங்கால் தானாக இறுகியது.
இறுக்கினால், பந்தயத்தில் வளர்ந்தவளுக்கு
ஓடு என்று அர்த்தம்.

"மூச்சு விடுங்கக்கா."

விட்டேன். ஏதாவது பேசு என்றான்.
சாமி பெயர்கூட வரவில்லை. வாயில் வந்தது:
"டோக்கன் நாற்பத்திரண்டு, மூன்றாம் கவுண்டர்.
டோக்கன் நாற்பத்து மூன்று…"
பதினெட்டு வருஷத்துச் சலித்த குரல்,
அவசரமே இல்லாத குரல்.

ஒரு காது தார்ப்பாயிடம் இருந்தது.
ஒரு காது, மெல்ல,
என் பக்கம் திரும்பியது.

நாற்பத்தேழு வரை கூப்பிட்டேன்.
தலையைத் தாழ்த்தி
வயிறு தளரப் பெருமூச்சு விட்டாள்.

தார்ப்பாயைத் தாண்டவில்லை நாங்கள்.
திரும்பிவிட்டோம்.
வரும் வழியில் அவளாகவே
கொஞ்சம் துள்ளுநடை போட்டாள்.
பதினோரு எட்டு. நான் கத்தவில்லை.

இறங்கும் பஸ்ஸில்
முன்சீட்டுக் கம்பியை
வாரைப் பிடிப்பதுபோல் பிடித்திருக்கிறேன்,
விரலிடுக்கில் மண்ணும் மயிரும்.

அடுத்த சனி வேலை நாள்.
அதற்கடுத்த சனிக்கும்
தார்ப்பாய் அங்கேதான் இருக்கும்.
காப்பி காய
இன்னும் நாளாகும்.